ஒற்றைக்கொம்பு

அவன் மனைவி பல மாதங்களாகக் குளித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அக்கா தொலைபேசியில் கூப்பிடுவாள். நலம் விசாரித்து, திட்ட வேண்டியதைத் திட்டி, தன் வீட்டுக்காரரின் முட்டிவலி வரைக்கும் ஒப்பித்து முடித்த பிறகு, "அவ எங்கடா, போனை அவகிட்ட குடு" என்பாள். "குளிக்கிறாக்கா" என்பான் அவன். முதல் தடவை வாயில் வந்தது அதுதான். அடுத்த வாரத்துக்குள் இன்னும் கொஞ்சம் நல்ல பொய்யாக யோசித்து வைத்திருக்கலாம். யோசிக்கவில்லை. அதன்பிறகு அவள் மழையிலும் குளித்தாள், வெயிலிலும் குளித்தாள். விடியக்காலையில் கூப்பிட்டாலும் குளித்தாள், பொழுது சாய்ந்து கூப்பிட்டாலும் குளித்தாள். இவ்வளவு சுத்தபத்தமான ஒரு பெண் அந்தக் குடும்பத்துக்கு அதுவரை மருமகளாக வந்ததில்லை.

உண்மையில் அவள் ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. திரும்பி வருகிறேன் என்று வரவில்லை. சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. சண்டை போட இரண்டு பேர் வேண்டும். அவன் தன் பங்குக்கு ஒருநாளும் ஒத்துழைத்ததில்லை என்பதுதான் அவளுடைய குறையே.

குடியிருப்பின் காவலாளி கேட்டபோது, அவள் பயிற்சிக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னான். அலுவலகத்தில் கேட்டபோது, அம்மா வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னான். இப்படி ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் இருந்த பெண், அவனுடைய வீட்டில் மட்டும் இல்லை. ஊருக்கெல்லாம் என்றாவது உண்மையைச் சொல்லிவிடலாம், அக்காவுக்குச் சொல்ல முடியாது. அந்தக் கல்யாணத்துக்காகச் சொந்தபந்தம் மொத்தத்தையும் பகைத்துக்கொண்டு நின்றவள் அவள். அக்காவின் காதுக்குப் போய்விட்டால் அது நடந்து முடிந்த காரியம். போகாத வரைக்கும் மனைவி வெறுமனே ரொம்ப நேரமாகக் குளிக்கிறாள், அவ்வளவுதான். அக்கா நேராக அவள் எண்ணுக்கே கூப்பிட்டுவிடுவாளோ என்று கொஞ்ச நாள் ஒவ்வொரு அழைப்பையும் பயந்துகொண்டே எடுத்தான். ஏனோ அப்படி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

அவனுக்கு வேலை, மின்விசிறி, மாவரைக்கும் இயந்திரம், மர அலமாரி இவற்றோடு பெட்டிக்குள் மடித்து வைக்கப்படும் கையேடுகளை எழுதுவது. யாரும் படிக்காத எழுத்தாளர்கள் நாட்டில் நிறையப் பேர் உண்டு. படிக்காமல் தூக்கிப் போடுவதற்கென்றே அச்சாகிற எழுத்தாளன் அந்த அலுவலகத்தில் அவன் ஒருவன்தான். ஒரே ஒரு தடவைதான் அவன் எழுதியதை வாசகர்கள் ஊன்றிப் படித்தார்கள். 'முதலில் பெட்டியைத் திறக்கவும்' என்பதில் ஒற்றைக்கொம்பு போட வேண்டிய இடத்தில் இரட்டைக்கொம்பு விழுந்து, 'முதலில் பேட்டியைத் திறக்கவும்' என்று அச்சாகி ஊரெல்லாம் போய்விட்டது. கொம்பு விஷயத்தில் அவனுக்கு எப்போதுமே ராசி கிடையாது.

அதற்கு இன்னொரு சாட்சி அவனுடைய கார்.

பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். இரண்டே சீட்டு. பகலில் முன்விளக்குகள் இரண்டும் உடம்புக்குள் மூடிக் கிடக்கும்; ஸ்விட்சைப் போட்டால் இமை திறக்கிற மாதிரி மேலே எழும். எழ வேண்டும். வலது கண் சொன்ன சொல் கேட்டு எழுந்துவிடும். இடது கண் கொஞ்சம் யோசிக்கும். யோசித்துவிட்டுச் சாவகாசமாக வரும், சில நாள் பாதியிலேயே நின்றும் விடும். எதிரில் வருகிறவர்களுக்கு அது கண்ணடிப்பதாகத் தெரியும். ஒரு நாள் பார்க்கிங் சரிவில் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் மனைவியைப் பார்த்து அது கண்ணடித்தது. மறுநாள் அறிவிப்புப் பலகையில், 'குடியிருப்போர் தங்கள் வாகனங்களின் நடத்தைக்குத் தாங்களே பொறுப்பு' என்று ஒரு தாள் ஒட்டப்பட்டது. அன்றிலிருந்து காருக்கு 'ஒண்ணரைக்கண்' என்று பெயர். கொஞ்ச நாளில் காரை ஓட்டுகிறவனுக்கும் அதுவே பெயராகிவிட்டது. காருக்காவது அதில் நியாயம் இருந்தது.

கண் முன்னால் என்றால் கொம்பு பின்னால். ரேடியோவைப் போட்டால் பின்பக்கத்து மூலையிலிருந்து ஆன்டெனா 'கிர்ர்' என்று தானாக எழும்பும். அணைத்தால் தானாக உள்ளே போய்விடும். கல்யாணமான புதிதில் மனைவிக்குத் தன் காரின் பெருமையைக் காட்ட, அதை இயந்திரத்தில் கழுவும் இடத்துக்குள் ஓட்டிக்கொண்டு போனான். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஆன்டெனா ஆள் உயரத்துக்கு நின்றது. சுழன்று வந்த பெரிய பிரஷ் அதை வேரோடு பிடுங்கிச் சுவரில் அடித்தது. அவள் சிரித்த சிரிப்பில் பிரஷ் சத்தமே கேட்கவில்லை.

புது ஆன்டெனா போட்ட பிறகு, கழுவும் இடம் நெருங்கும்போதெல்லாம் அவள் பக்கத்து சீட்டிலிருந்து "கொம்பை இறக்கு" என்பாள். அவன் ரேடியோவை அணைப்பான். பின்னால் 'கிர்ர்' என்று கேட்கும். இந்தக் கதை சொந்தக்காரர்கள் மத்தியில் பரவி, அவன் யார்மேலாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அக்கா அவளிடம், "என்னடி, கொம்பு இறங்குச்சா?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. மற்றவர்களுக்கெல்லாம் தலையில் கொம்பு முளைத்தால் முளைத்ததுதான். அவனுக்கு முளைத்தது ஏறி இறங்கும் ரகம்.

பெட்டியைக் கட்டிய அன்று அவள் சொன்னதும் அதைப் பற்றித்தான். குரலை உயர்த்தவில்லை, வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி சொன்னாள்.

"இத்தனை வருஷத்துல நான் சொன்னதுல ஒண்ணே ஒண்ணைத்தான் நீ காதுல வாங்கியிருக்க. கொம்பை இறக்குன்னது. அதுவும் காருக்காக வாங்கின."

அதற்கு ஒரு பதில் இருந்தது. மூன்று நாள் கழித்துத்தான் அது அவனுக்குத் தோன்றியது. தோன்றியபோது வீட்டில் கேட்க ஆள் இல்லை.

அவள் போன பிறகு ஒரு மத்தியானம் காரைக் கழுவப் போனான். ரேடியோவில் யாரோ மாடித் தோட்டம் போடுவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தார். பிரஷ் பின்பக்கம் வந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். தோட்டக்காரர் பாதிச் செடியில் நின்றுபோனார். அவன் முதலில் கொம்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து சீட்டைத்தான் பார்த்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயைக்கூடத் திறந்துவிட்டான்.

அப்புறம் வெகுநாள் அந்த இடத்தில் ஒரு மொட்டைக் குச்சி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைச் சரிசெய்யவில்லை. ரேடியோ கேட்கிற ஆசையும் விட்டுப்போயிருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா, வருகிற சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள். காரணம் கேட்டதற்கு, தம்பி வீட்டுக்கு வர மனுப் போட வேண்டுமா என்றாள். மத்தியான ரயிலில் வருகிறாளாம், அந்தக் காரையே ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு வர வேண்டுமாம்.

அவனுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்கிறவனுக்கு இரண்டு சீட்டுக் காரைப் போல உதவியான பொருள் வேறு கிடையாது. டாக்சியில் போனால், அவளையும் ஏன் கூட்டிவரவில்லை என்று அக்கா கேட்பாள். இந்தக் காரில் கேட்கவே முடியாது. வீட்டுக்கு வந்த பிறகு, அவளுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நேற்றுத்தான் அவசரமாகக் கிளம்பிப் போனாள் என்று சொல்லிக்கொள்ளலாம். மாதக்கணக்காகக் குளித்தவளுக்கு ஒரு நாள் வெளியே போய்வர உரிமை இல்லையா?

போனை வைத்த பிறகுதான் மொட்டைக் குச்சி ஞாபகம் வந்தது. அந்தக் காரைப் பார்த்தவுடன் அக்காவின் கண் முதலில் போவது அங்கேதான். கொம்பு எங்கே என்பாள். உடைந்துவிட்டது என்றால், கழுவப்போன இடத்திலா என்பாள். ஆமாம் என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சொல்லவில்லையா என்பாள். அந்த ஒரு கேள்வியில் குளியலறைத் தண்ணீர் மொத்தமும் வடிந்துபோகும்.

எனவே சனிக்கிழமைக்குள் கொம்பு முளைக்க வேண்டும்.

பழைய உதிரி பாகங்கள் விற்கும் கடைக்குப் போனான். கடைக்காரர் எதையும் தேடுகிற வழக்கம் இல்லாதவர். கையை நீட்டினால் அந்த இடத்தில் அது இருக்கும். அடுக்கடுக்காக ஒன்றுக்குள் ஒன்று போகிற புதுக்குழாயையும், அதன் அடியில் வால் மாதிரி தொங்கும் நைலான் கயிற்றையும் எடுத்துக் கொடுத்தார். கயிற்றின் ஒரு பக்கம் முழுக்கப் பல். உள்ளே மோட்டாரில் இருக்கிற பல்சக்கரம் இந்தப் பல்லைக் கடித்துத்தான் கொம்பை ஏற்றி இறக்குகிறது. அவன் இடது கண்ணைப் பற்றியும் சொன்னான். அதற்கு விளக்கைத் தூக்குகிற கையின் மூட்டில் உள்ள பிளாஸ்டிக் புஷ் என்ற சின்ன வளையம் தேய்ந்திருக்கும் என்று சொல்லி, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு புஷ்ஷையும் எடுத்து வைத்தார்.

"கண்ணு ஒரு ஆள் வேலை. பானட்டைத் தொறந்து நீங்களே பண்ணிடலாம். கொம்புக்குத்தான் ரெண்டு ஆள் வேணும். நீங்க பின்னாடி நின்னு கயித்தை நேராப் பிடிச்சுக்கணும், ஒருத்தர் உள்ள உக்காந்து ரேடியோவை அணைக்கணும். மோட்டார் கொஞ்ச நேரந்தான் சுத்தும், அதுக்குள்ள கடிச்சாத்தான் உண்டு. வீட்டுல ஆள் இருக்குல்ல?"

"இருக்கு" என்றான் அவன். நாலாவது இடத்திலும் அவள் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து காரின் பழுதுபார்ப்புப் புத்தகத்தைப் புரட்டினான். அங்கேயும் அதேதான்: 'இப்பணிக்கு இருவர் தேவை.' அவனுக்குச் சிரிப்பு வந்தது. அலமாரியைத் தூக்கி நிறுத்தவும், துணி துவைக்கும் இயந்திரத்தை நகர்த்தவும், அகலமான திரைச்சீலைக் கம்பியை மாட்டவும் அவனே எத்தனையோ முறை எழுதிய வரி அது. எழுதும்போது ஒரு தடவைகூட, வாங்கியவன் வீட்டில் ஒரே ஒரு ஆள் இருந்தால் என்ன செய்வான் என்று தோன்றியதில்லை. அப்படிப்பட்டவனுக்கென்று ஒரு வரி எந்தக் கையேட்டிலும் கிடையாது.

சனிக்கிழமை காலையில் கருவிப் பெட்டியோடு கீழ்த்தளத்துப் பார்க்கிங்குக்குப் போனான். ஈரச் சிமெண்ட் வாசனை. குழல்விளக்கு ஒன்று, எரிவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய முடியாமல் துடித்துக்கொண்டிருந்தது. பழைய கொம்பை இறுக்கிப் பிடித்திருந்த மரையைக் கழற்றிவிட்டு ரேடியோவைப் போட்டான். மோட்டார் உறுமி, மொட்டைக் குச்சியையும் மிச்சக் கயிற்றையும் வெளியே துப்பியது. இதுவரைக்கும் ஒரு ஆள் வேலைதான்.

புதுக் கயிற்றைத் துளைக்குள் இறக்கினான். ரேடியோவை அணைத்தால் மோட்டார் உள்ளே இழுக்கும். ரேடியோ முன்னால் இருந்தது. கயிறு பின்னால் இருந்தது. சின்னக் கார்தான், ஆனால் மனிதனின் கை அதைவிடச் சின்னது.

முதலில் ஓடிப் பார்த்தான். உள்ளே குனிந்து ரேடியோவை அணைத்துவிட்டு, காரைச் சுற்றி ஓடிவந்து கயிற்றைப் பிடிப்பதற்குள் மோட்டார் தன் கடமையை முடித்துவிட்டு ஓய்ந்திருந்தது. திரும்பப் போட்டான், திரும்ப ஓடினான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடினான். செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினான். பிறகு துடைப்பக் கட்டையை ஜன்னல் வழியாக நீட்டிப் பின்னாலிருந்து ரேடியோவை அமுக்கப் பார்த்தான். அது வேறெதையோ அமுக்கி, காரின் நாலு மூலையிலும் அபாய விளக்கு மின்ன ஆரம்பித்தது. ரேடியோக் குமிழில் நூலைக் கட்டிப் பின்பக்கம் வரைக்கும் இழுத்து வந்து சுண்டினான். குமிழ் கையோடு வந்துவிட்டது. டிக்கிக்குள் இருக்கும் கம்பியை அறுத்து அங்கேயே ஒட்டினால் ரேடியோ இல்லாமலே மோட்டாரை ஓட்டலாம் என்று எங்கேயோ படித்திருந்தான். ஆனால் 'தகுதிபெற்ற மின்பணியாளரை அணுகவும்' என்று வாழ்நாள் முழுக்க எழுதியவன் அவன். அந்த வரியை நம்பிய ஒரே ஆளும் அவன்தான்.

ஒரு மனிதர் காலையிலிருந்து ஒரு காரைச் சுற்றிச் சுற்றி ஓடுவதைக் கேமராவில் பார்த்துவிட்டுக் காவலாளி கீழே இறங்கி வந்தார். அவன் விஷயத்தைச் சொன்னான். கொஞ்சம் உள்ளே உட்கார்ந்து அந்த ரேடியோவை மட்டும் அணைக்க முடியுமா என்று கேட்டான். காவலாளிக்கு மனசு இருந்தது, விதிதான் இடம் கொடுக்கவில்லை. குடியிருப்போரின் வண்டிக்குள் ஊழியர்கள் உட்காரக் கூடாது என்று போன மாதம்தான் சங்கத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். சாய்ந்து நின்றாலே கேள்வி கேட்பார்களாம். மேலே கேமராவைக் கண்ணால் காட்டிவிட்டு, இதற்கெல்லாம் மேடம் வந்துவிட்டால் கவலையே இல்லை, பயிற்சி எப்போதுதான் முடியுமாம் என்று கேட்டார். பெரிய பயிற்சி என்றான் அவன். காவலாளி மரியாதையோடு தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

குமிழ் இல்லாத தண்டிலேயே ரேடியோவைப் போட்டு அணைத்து, அவன் மறுபடியும் ஓடினான். மணி எப்படிப் போனது என்று தெரியவில்லை. ஸ்டேஷனுக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தான். எத்தனையாவது சுற்றோ, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கி நின்றபோது சரிவின் மேலேயிருந்து குரல் வந்தது.

"என்னடா, செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டிருக்க?"

அக்கா. தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. காலை ரயிலிலேயே வந்து, டாக்சி பிடித்து இறங்கியிருக்கிறாள். மத்தியான ரயில் என்று சொன்னது அவனுக்காகச் சொன்னது. பொய் சொல்வது அந்தக் குடும்பத்தில் அவனோடு தொடங்கியதில்லை.

அவள் சரிவில் மெதுவாக இறங்கி வந்தாள். பைகளைத் தூணோரம் வைத்தாள். மின்னிக்கொண்டிருந்த அபாய விளக்குகளைப் பார்த்தாள், கதவில் சாய்ந்திருந்த துடைப்பத்தைப் பார்த்தாள், நூல் கட்டிய குமிழைப் பார்த்தாள். கடைசியில் தரையில் கிடந்த மொட்டைக் குச்சியைப் பார்த்தாள்.

"கொம்பு உடைஞ்சிருச்சா?"

"ஆமாக்கா."

"கழுவப் போன இடத்துலயா?"

"ஆமா."

அடுத்த கேள்விக்காக அவன் காத்திருந்தான். குழல்விளக்கு துடித்தது. கையிலிருந்த கயிற்றின் பல் விரலில் பதிந்தது.

"அவ..." என்று அவனே ஆரம்பித்தான்.

"குளிக்கிறாளா?"

அவன் தலையை மட்டும் அசைத்தான். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவனுக்கே தெரியவில்லை.

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சரி, குளிக்கட்டும். எந்த ஸ்விட்சு?"

அக்கா அந்தக் காருக்குள் இறங்கியது சின்ன விஷயமில்லை. ஒரு காலை உள்ளே விட்டுவிட்டு மறுகாலுக்கு என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் ஆலோசித்தாள். இது காரா, கிணறா, கயிறு கட்டித்தான் வெளியே தூக்கணும் என்று காரைத் திட்டிக்கொண்டே ஓட்டுகிறவர் சீட்டில் விழுந்தாள். அவன் குமிழை மாட்டிக் கொடுத்தான். போடு என்றால் போட வேண்டும், அணை என்றால் அணைக்க வேண்டும், வேறெதையும் தொடக்கூடாது என்று சொன்னான். உன்னை ஸ்கூலுக்கு அனுப்ப நான்தான் தலை சீவி விட்டேன், எனக்கு நீ பாடம் எடுக்காதே என்று பதில் வந்தது.

முதல் தடவை கயிற்றின் பல்லை அவன் தப்பான பக்கம் திருப்பிப் பிடித்திருந்தான். சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றி ஓய்ந்தது. இரண்டாவது தடவை பல்லை உள்பக்கமாகத் திருப்பி, அசையாமல் நேராகப் பிடித்துக்கொண்டான்.

"அணைக்கா."

ரேடியோ நின்றது. உள்ளே எங்கேயோ 'கடக்' என்று ஒன்று கடித்தது. யாரோ அந்தப் பக்கத்திலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி கயிறு அவன் கையிலிருந்து போனது. ஒரு முழம், இன்னொரு முழம். அப்புறம் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கி, தலைக்குமிழ் மட்டும் வெளியே தெரிய நின்றது.

உள்ளே உட்கார்ந்திருந்தவளுக்குப் பின்னால் நடப்பது தெரியாது.

"கொம்பு இறங்குச்சாடா?"

வேலையைப் பற்றிக் கேட்கிற கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியை இதுவரைக்கும் அக்கா அவனிடம் கேட்டதில்லை, எப்போதும் அவன் மனைவியிடம்தான் கேட்பாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிற ஆள் இனி அவன்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் காரின் பின்பக்கத்தில் கையை ஊன்றிக் குனிந்து நின்றான்.

"இறங்கிருச்சுக்கா."

சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து, மனைவி உட்காரும் சீட்டில் உட்கார்ந்தான். அந்தக் காரில் அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் அணைத்த பிறகும் எரியும் ரேடியோக் கடிகாரத்தின் சின்ன விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும் என்பது இத்தனை வருஷத்தில் அன்றுதான் தெரிந்தது.

"அவ குளிக்கலக்கா" என்றான்.

"தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? குளிக்கிறாங்கன்னா தண்ணி சத்தம் கேக்கும்டா. இத்தனை வாரமா ஒரு சொட்டுச் சத்தம் இல்ல. நீ முதல்ல சொன்னதுக்கு அடுத்த வாரமே அவளுக்குப் போன் பண்ணிட்டேன். அவர் வாயால சொல்லட்டும் அண்ணின்னா. சரின்னு நானும் இருந்துட்டேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"வாரா வாரம் கேட்டேனே. அவ எங்கன்னு."

இரண்டு பேரும் கண்ணாடி வழியாக எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா, எல்லாம் சரி, இந்தக் கிணற்றிலிருந்து தன்னை யார் தூக்குவது என்று கேட்டாள். அதற்கும் இரண்டு ஆள் தேவைப்பட்டது.

மறுநாள் அவளை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வந்தான். அக்கா வீட்டில் இருந்த நேரம் முழுக்க அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சமையலறையில் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்தாள், அவ்வளவுதான். வாசலில் செருப்பு மாட்டும்போது, அவள் திரும்பி வருவாள் என்று நினைக்காதே, வரமாட்டாள் என்றும் நினைக்காதே என்றாள். பிறகு, இரண்டையும் நினைக்காமல் இருக்க உனக்கு எங்கே தெரியப்போகிறது என்று தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினாள்.

அந்த வாரம் ஒரு விடுமுறை நாள் வந்தது. அவன் பானட்டைத் திறந்தான். இடது விளக்கின் மோட்டாரில் ரப்பர் மூடியைக் கழற்றினால் கீழே ஒரு குமிழ் இருக்கும். கையால் திருகினால் கண் மெல்ல மெல்லத் திறக்கும். திறந்து வைத்துக்கொண்டு, காய்ந்து மெழுகாகிப்போன கிரீஸைத் துடைத்தெடுத்தான். மூட்டிலிருந்த பழைய புஷ்ஷைப் பிடுங்கிப் புதியதைப் போட்டான். பழையது ஒரு பக்கம் தேய்ந்து பிறை மாதிரி ஆகியிருந்தது. தூக்கிப் போட மனசில்லாமல் கருவிப் பெட்டியில் போட்டுவைத்தான். கடைக்காரர் சொன்னது சரி. ஒரு ஆள் வேலை. எங்கேயும் ஓட வேண்டியிருக்கவில்லை.

உள்ளே உட்கார்ந்து ஸ்விட்சைப் போட்டான். எதிர்ச்சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் ஒன்றாக ஏறி, ஒரே உயரத்தில், ஒரே நேரத்தில் நின்றன. அணைத்துவிட்டு இன்னொரு முறை போட்டான். அப்படியேதான் நின்றன. பார் என்று சொல்லத் திரும்பினால் பக்கத்தில் சீட்டுதான் இருந்தது. காவலாளி அந்தப் பக்கமாக வந்தார். ரொம்ப நேரம் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரியாயிருச்சா சார்? அப்ப இனிமே உங்களை என்னன்னு சொல்றது?" என்று கவலையோடு கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி மணி அடித்தது. எடுக்கப் போகிற வழியில் குளியலறைக் கதவைச் சாத்தினான். இத்தனை மாதப் பழக்கம். சாத்திய பிறகு, எதற்கு என்று நினைத்துத் திறந்து விட்டான். உள்ளே ஒரே ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா நலம் விசாரித்தாள். திட்ட வேண்டியதைத் திட்டினாள். முட்டிவலி பரவாயில்லை என்றாள். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. 'அவ எங்கடா' என்பது வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. அந்த இடம் காலியாக இருந்தது. இத்தனை நாள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி, கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளை வைத்திருந்தான். கேட்பார் இல்லாமல் போனதும் அந்த ஆளும் போய்விட்டாள். ஒரே பெண் ஒருவனை விட்டு இரண்டு தடவை போக முடியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

போனை வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தான். அப்போது அக்கா கேட்டாள்.

"அந்தக் கண்ணு என்னடா ஆச்சு? இன்னும் கண்ணடிக்குதா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"ஆமாக்கா. அடிச்சுக்கிட்டேதான் இருக்கு."

"சரிபண்ண வேண்டியதுதானே?"

"பண்ணலாம். அதுக்கும் ரெண்டு பேர் வேணும்."

அந்தப் பக்கத்தில் நாட்காட்டித் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, ரெண்டாவது சனிக்கிழமை வர்றேன். நான் வர்ற வரைக்கும் தொடாத" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே போனான். பானட்டைத் திறந்தான். இடது விளக்கைக் கையால் திருகித் தூக்கி, புதுப் புஷ்ஷைக் கழற்றிப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு, கருவிப் பெட்டியைக் கிளறித் தேய்ந்துபோன பழையதைத் தேடி எடுத்தான். அதை மாட்டுவதும் ஒரு ஆள் வேலைதான். உள்ளே உட்கார்ந்து ஸ்விட்சைப் போட்டான்.

வலது கண் எழுந்தது. இடது கண் யோசித்தது.